வாக்கியம் முடியும்வரை காத்திருப்போம்

(கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில், ஜேர்மனியிலிருந்து வந்து கலந்துகொண்ட பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புலம்பெயர்ந்த வாழ்வைப்பற்றிப் பேசும்படி சங்கத்தினர் கேட்டார்கள். அது பெரிய தலைப்பு. எனக்குத் தெரிந்த ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு நாட்டுக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர் அந்த நாட்டு மொழியைப் படிக்க நாம் எப்படி உதவலாம் என்பதே அது. நான் மொழி ஆசிரியை அல்ல. முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு உதவியாளராக வேலை செய்கிறேன். ஆனால் 2015ஆம் ஆண்டிலிருந்து செவ்வாய்க்கிழமை மாலைகளில், எங்கள் நகரத்துச் சனசமூக மண்டபத்தில், புதிதாக வந்த பெண்களோடு உட்கார்ந்து டொச் கதைத்து வருகிறேன். ஜேர்மன் மொழியை எங்கள் ஆட்கள் 'டொச்' என்றுதான் சொல்லுவார்கள். நானும் அப்படியே சொல்லுகிறேன்.

முதலில் என் கதையைச் சொல்ல வேண்டும். அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.

இந்தக் கல்லூரியில் உயர்தரம் வரை படித்துச் சித்தியடைந்து, 1989இல் திருமணமாகி ஜேர்மனிக்குப் போனேன். என் கணவர் அதற்கு நான்கு வருடம் முந்திப் போயிருந்தார். அந்தக் காலத்தில் போன பலரைப்போலக் கிழக்கு பேர்லினில் இறங்கி, நகர ரயிலில் மேற்கு பேர்லினுக்குள் போனவர். போய்ப் பத்து வருடமாகியும் எனக்கு டொச் வரவில்லை. கடையில் சாமானைக் கூடையில் போட்டுக் காசைக் கொடுத்தால் போதும்; வாய் திறக்கத் தேவையில்லை. அதிகாலை ஐந்து மணிக்கு அலுவலகம் துப்புரவாக்கும் வேலை. அங்கே கதைக்க ஆளில்லை. வீட்டில் தமிழ், தொலைபேசியில் தமிழ், வீடியோவில் தமிழ்ப்படம். கடிதம் வந்தால் கணவர் பார்ப்பார். பிறகு மகள் வளர்ந்தாள். கடிதங்கள் மகளிடம் போயின.

1999இல் என் மகளுக்கு ஒன்பது வயது. எனக்கு வயிற்றுநோவும் இரத்தப்போக்கும் வந்தன. கணவருக்கு உணவக வேலையில் லீவு கிடைக்கவில்லை. மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வைத்தியர் மகளைப் பார்த்துக் கதைத்தார். அவள் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, உங்கட வயித்துக்குள்ள ஒரு கட்டி வளருதாம். வெட்டி எடுக்க வேணுமாம். பிள்ளை இருக்கிற இடத்தையும் எடுக்க வேண்டி வருமாம். அதுக்குத் தமிழில என்னம்மா சொல்லுறது?"

கருப்பை என்ற சொல் அவளுக்குத் தெரியாது. ஒன்பது வயதில் எந்தத் தாய் அதைச் சொல்லிக்கொடுத்திருப்பாள்?

சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டி தீங்கில்லாதது என்று முடிவு வந்தது. ஆனால் அது வரும்வரை இரண்டு கிழமை, மகள் ஒவ்வொரு இரவும் என் கட்டிலில் வந்து படுத்தாள். ஏனென்று எனக்கு விளங்கவில்லை. அவள் பல்கலைக்கழகம் போன பிறகு ஒருநாள் சொன்னாள்: "அண்டைக்கு டொக்டர் புற்றுநோயாகவும் இருக்கலாம் எண்டு சொன்னவர் அம்மா. நான் அதை உங்களுக்குச் சொல்லேல்லை. சொல்லப் பயமாயிருந்தது."

ஒரு சின்னப்பிள்ளை இரண்டு கிழமை அந்தச் சொல்லைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். நான் மொழி படிக்காததற்கான விலையை அவள் கட்டினாள். இன்று நான் செவ்வாய்க்கிழமைகளில் போவது அந்தக் கடனுக்காகத்தான்.

படிக்காதது முழுக்க என் குற்றமா என்று பின்னாளில் யோசித்ததுண்டு. ஜேர்மனி 1955இல் இத்தாலியோடும் 1961இல் துருக்கியோடும் ஒப்பந்தம் செய்து தொழிலாளரை அழைத்தது. அவர்களுக்கு வைத்த பெயரே 'விருந்தாளித் தொழிலாளர்'. விருந்தாளி திரும்பிப் போய்விடுவார்தானே, அவருக்கு மொழி எதற்கு என்று இருந்துவிட்டார்கள். நிலக்கரிச் சுரங்கத்திலும் கார்த் தொழிற்சாலையிலும் வாழ்நாள் முழுவதும் உழைத்தவர்கள் ஓய்வுபெறும்போதும் ஒரு படிவம் நிரப்ப முடியாமல் நின்றார்கள். 1980களில் எங்கள் ஆட்கள் அகதிகளாகப் போனபோதும் கதை மாறவில்லை. அகதி விண்ணப்பம் முடிவாகாதவருக்கு அரசாங்க மொழி வகுப்பு கிடையாது. 'எப்போது அனுப்புவார்களோ' என்று இருந்தவருக்குப் படிக்க மனமும் இல்லை.

2005இல்தான் புதிய குடிவரவுச் சட்டத்தோடு 'ஒருங்கிணைப்பு வகுப்பு' என்ற ஒன்று நாடு முழுவதற்கும் வந்தது. இன்று அது 600 பாடவேளை மொழியும், நாட்டின் சட்டம், வரலாறு, வாழ்க்கைமுறைபற்றி 100 பாடவேளையும் கொண்டது. ஒரு பாடவேளை 45 நிமிடம். பி1 என்ற நிலையை எட்டுவதே இலக்கு. அதாவது அன்றாட வாழ்க்கையைத் தானாகச் சமாளிக்கும் அளவு. எழுத்தே தெரியாதவருக்குத் தனி வகுப்புகள் உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் வகுப்பு மட்டும் போதாது என்பதைச் சொல்லவே இங்கே நிற்கிறேன். வகுப்பில் படித்ததைப் பயன்படுத்த ஓர் ஆள் வேண்டும். கேட்டுக்கொண்டிருக்க ஓர் ஆள்.

எனக்கு அந்த ஆள் எங்கள் மாடியில் பக்கத்து வீட்டில் இருந்தார். அப்போது அவருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். ஆஸ்பத்திரியால் வந்த என்னைப் பார்க்க ஒரு கேக்கோடு வந்தார். மகள் மொழிபெயர்க்க வாயெடுத்தபோது, 'நீ போய் விளையாடு' என்று அவளை அனுப்பிவிட்டார். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். நான் ஏதாவது சொல்லியே ஆகவேண்டியிருந்தது. 'கேக் நல்லம்' என்றேன். அதுதான் நான் அவருக்குச் சொன்ன முதல் வாக்கியம்.

அதன்பிறகு கிழமைக்கு இரண்டு நாள், பின்னேரம் நான்கு மணிக்கு அவர் வீட்டில் கோப்பி. ஒவ்வொரு நாளும் ஒரு இலாச்சியைத் திறப்பார். டொச்சில் கரண்டி ஆண்பால், முள்ளுக்கரண்டி பெண்பால், கத்தி இரண்டுமில்லை. 'சிறுமி' என்ற சொல்கூடப் பெண்பால் இல்லை. உயர்திணை அஃறிணை படித்த எனக்குத் தலை சுற்றியது. அவர் சிரித்துக்கொண்டு, காரணம் கேட்காதே, கையில் எடுத்துச் சொல் என்றார். இன்றுவரை அந்த மூன்றையும் நான் பிழைவிட்டதில்லை.

சில இடங்களில் எங்கள் தமிழே கைகொடுத்தது. நீ, நீங்கள் என்ற வேறுபாடு அவர்களிடமும் உண்டு. யாருக்கு எதைச் சொல்வது என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. 'ஏனென்றால்' என்று தொடங்கும் பகுதியில் வினைச்சொல் எங்களைப்போலவே கடைசியில் வந்து நிற்கும். வேறு இடங்களில் இடறினேன். 'இருபத்தொன்று' என்பதை அவர்கள் 'ஒன்றும் இருபதும்' என்பார்கள். 'அரை மூன்று' என்றால் இரண்டரை மணி. இது தெரியாமல் ஓர் அலுவலகத்துக்கு மூன்றரைக்குப் போய், ஒரு மணித்தியாலம் பிந்தி, மூன்று மாதம் காத்திருந்த சந்திப்பை இழந்தேன்.

அந்த அம்மா ஒருநாளும் 'பிழை' என்று சொன்னதில்லை. நான் சொன்னதைச் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்பார். நான் சொல் தேடித் திணறும்போது எடுத்துத் தரமாட்டார். கோப்பைக் கோப்பியைக் கையில் பிடித்தபடி, வாக்கியம் முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். ஏன் இவ்வளவு பொறுமை என்று ஒருமுறை கேட்டேன். அப்போதுதான் தன் கதையைச் சொன்னார். அவர் பிறந்தது சிலேசியாவில். இன்று அதன் பெரும்பகுதி போலந்தில் இருக்கிறது. யுத்தத்தின் பின் அங்கிருந்த ஜேர்மானியர் வெளியேற்றப்பட்டபோது, பன்னிரண்டு வயதில் ஒரு மூட்டையோடு வந்தவர். கிழக்கிலிருந்து அப்படி வந்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல். பேசியது அதே டொச்தான், ஆனால் உச்சரிப்பு வேறு. வகுப்பில் சிரித்தார்களாம். ஒரு வருடம் தான் பள்ளியில் வாயே திறக்கவில்லை என்றார்.

அவருடைய வீட்டில் ஆறு மாதம் கோப்பி குடித்தபின், நானே வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்து நேரம் வாங்கினேன். என் நீண்ட பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல ஐந்து நிமிடம் எடுத்தது. ரிசீவரை வைத்துவிட்டு அழுதேன். மகள் பயந்துபோனாள். "ஒண்டுமில்லை, இனி நான்தான் கதைப்பன்" என்றேன். பிறகு மாலை வகுப்பு, பரீட்சை, பராமரிப்புப் பயிற்சி எல்லாம் வந்தன. அந்த அம்மா இப்போது இல்லை. அவர் இருந்திருந்தால் இன்று இந்த மேடையை அவருக்குக் காட்டியிருப்பேன்.

2015இல் ஏறத்தாழ 8 இலட்சத்து 90 ஆயிரம் பேர் அடைக்கலம் தேடி ஜேர்மனிக்கு வந்தார்கள். சிரியா, ஆப்கானிஸ்தான், ஈராக் நாட்டவர் அதிகம். எங்கள் நகரத்து விளையாட்டு மண்டபத்திலும் கட்டில் போட்டார்கள். உதவிக்கு ஆள் கேட்டபோது, எனக்கு அந்தக் கோப்பிக் கோப்பை நினைவுக்கு வந்தது. 2022இல் உக்ரேன் பெண்களும் வந்தார்கள். மேசை இன்னும் நீண்டது.

இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்ட சிலவற்றைச் சொல்கிறேன். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ மெல்பேர்ணிலோ நீங்கள் யாருக்காவது உதவ நினைத்தால் பயன்படும்.

முதல் நாள் கொடுக்கவேண்டியது 'எனக்கு விளங்கவில்லை, மெதுவாக இன்னொருமுறை சொல்லுங்கள்' என்ற வாக்கியம். அது வாயில் இருந்தால் யாரும் எங்கும் போகலாம்.

புதியவரோடு மொழியைச் சிதைத்துக் கதைக்கக்கூடாது. 'நீ போ ஒபிஸ், நீ கொண்டுவா பேப்பர்' என்று சொன்னால் அவர் அதையே படிப்பார். சிறிய வாக்கியம், ஆனால் முழு வாக்கியம். மெதுவாக, ஆனால் மரியாதையாக. சத்தத்தைக் கூட்டத் தேவையில்லை. அவர் செவிடர் அல்லர்.

ஒரு மாலையில் ஒரேயொரு பிழையைத் திருத்தினால் போதும். பத்தைத் திருத்தினால் அடுத்த கிழமை அவர் வரமாட்டார்.

அவருக்கு வரப்போகும் தேவையை ஒத்திகை பாருங்கள். வைத்தியருக்குத் தொலைபேசி, பெற்றோர் கூட்டம், பஸ்ஸில் தவறவிட்ட பை. எங்கள் மேசையில் ஒருவர் வைத்தியசாலை வரவேற்பாளராகக் கொஞ்சம் அவசரமாகவே நடிப்போம். உண்மையான வரவேற்பாளர் அவசரமாகத்தானே கதைப்பார்!

பிள்ளைகளுக்கு ஒரு மூலை வேண்டும். வகுப்புக்கு வராத பெண்களிடம் கேட்டால், அநேகமாக ஒரே காரணம்தான்: கைக்குழந்தையை யார் பார்ப்பது? ஒரு பாயும் சில விளையாட்டுச் சாமானும் ஒரு தொண்டரும் இருந்தால் ஐந்து தாய்மார் வருவார்கள்.

வைத்தியரிடம் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராகக் கூட்டிப் போக விடாதீர்கள். நீங்கள் போங்கள், அல்லது வளர்ந்த ஒருவரை ஒழுங்குசெய்யுங்கள். இதில் மட்டும் நான் கண்டிப்பானவள்.

கடைசியாக, வந்தவரையும் ஆசிரியராக்குங்கள். எங்கள் மேசையில் ஒவ்வொரு மாலையும் ஒருவர் தன் மொழியில் ஒரு சொல் படிப்பிப்பார். ஒருநாள் சிரியப் பெண்ணொருவர் கோப்பிக் கோப்பையைக் காட்டி 'பின்ஜான்' என்றார். எங்கள் 'பீங்கான்' அதன் உறவுதான் என்று நான் சொன்னபோது அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும். டொச் எண்களும் அவருக்கு என்னைவிட இலகு. அரபியிலும் 'ஒன்றும் இருபதும்' என்றுதான் சொல்வார்களாம். நான் பத்து வருடம் இடறிய இடத்தை அவர் ஒரு நாளில் தாண்டினார். அன்று எங்களில் யார் மாணவி?

அதே மேசையில் ஓர் ஆப்கான் பெண் இருந்தார். நாற்பது வயது. பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. முதல் மாதம் முழுவதும் பென்சில் பிடிக்கத்தான் பழகினார். தன் பெயரை எழுதி முடித்த நாளில், அந்தத் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். எனக்கு இந்தக் கல்லூரி நினைவுக்கு வந்தது. இலங்கையில் 1945இலேயே இலவசக் கல்வி வந்துவிட்டது. நூறு வருடமாக இந்த மண்டபத்தில் பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள். எங்களுக்கு எழுத்து மழைபோலக் கிடைத்தது. அதன் பெறுமதி எனக்கு விளங்க ஆப்கான் பெண்ணொருவர் தேவைப்பட்டார்.

மாணவிகளே, உங்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். 2007இலிருந்து, திருமணமாகிக் கணவரிடம் ஜேர்மனிக்குப் போகும் பெண், சில விதிவிலக்குகள் தவிர, விசாவுக்கு முன்பே ஏ1 என்ற அடிப்படைப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். இங்கிருந்து கொழும்புக்குப் போய்ப் பரீட்சை எடுத்து, தவறி, மீண்டும் போகும் பிள்ளைகளை நான் அறிவேன். அவர்களுக்குச் சொல்வது இதுதான்: வினாத்தாளை மட்டும் மனனம் செய்யாதீர்கள். ஜேர்மன் வானொலியான டொச்ச வெல்ல நடத்தும் 'நிக்கோஸ் வேக்' என்ற பாடத்தொடர் இணையத்தில் இலவசமாக உண்டு. ஆரம்பத்திலிருந்து பி1 வரை போகிறது. அதைப் பார்த்துச் சத்தமாகக் கதைத்துப் பழகுங்கள். ஏ1 உங்களை விமானத்தில் ஏற்றும். இறங்கியபின் வாழ அது போதாது.

வந்த நாட்டு மொழியைப் படித்தால் தமிழ் போய்விடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். என் வீட்டில் நடந்தது மறுவளம். நான் டொச் பேசத் தொடங்கியபின்தான் என் மகள் என்னோடு ஆறுதலாகத் தமிழ் கதைத்தாள். அதற்கு முன் தமிழ் அவளுக்கு அலுவலகக் கடிதம் மொழிபெயர்க்கும் வேலையாக இருந்தது.

முடிக்குமுன் ஒரு பாவமன்னிப்பு.

1983 ஆடிக் கலவரத்தின் பின், கொழும்பிலிருந்து கப்பலில் வந்த குடும்பத்துப் பிள்ளையொருத்தி எங்கள் வகுப்பில் சேர்ந்தாள். வீடு எரிந்து, உடுத்த உடுப்போடு வந்தவள். அவளுடைய தமிழில் இடைக்கிடை சிங்களச் சொல் விழும். எங்கள் பேச்சும் அவளுக்குப் புதிது. அவள் எழுந்து வாசிக்கும்போது நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன். சில நாட்களில் அவள் வாசிக்க எழும்புவதையே விட்டுவிட்டாள். அடுத்த வருடம் வேறெங்கோ போய்விட்டாள். பக்கத்து வீட்டு அம்மா தன் பள்ளிக் கதையைச் சொன்ன அந்தப் பின்னேரம், எனக்கு அந்தப் பிள்ளையின் முகம்தான் தெரிந்தது. சிரித்தவர்களின் வரிசையில் நான் இருந்தேன்.

அவளும் இந்தக் கல்லூரியின் பழைய மாணவிதான். இந்த உரை நூற்றாண்டு மலரில் வரும் என்கிறார்கள். அவள் எந்த நாட்டிலாவது அதை வாசிக்கக்கூடும். தங்கச்சி, உன் வாக்கியம் முடியும்வரை நான் காத்திருக்கவில்லை. என்னை மன்னித்துக்கொள்.

மற்றச் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். நாங்கள் இன்று உலகமெங்கும் இருக்கிறோம். வந்த நாட்டு மொழி எங்களில் பலருக்கு இப்போது சரளம். உங்கள் தெருவிலும், மாடியிலும், வேலைத்தளத்திலும் வாய் திறக்காத ஒரு பெண் இருப்பாள். அவள் எங்கள் ஊராளாக இருக்கலாம், பிள்ளைகளிடம் வந்து சேர்ந்த ஒரு வயோதிபத் தாயாக இருக்கலாம், பெயரே கேள்விப்படாத நாட்டவளாகவும் இருக்கலாம். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் கொடுங்கள். பட்டமும் பாடப்புத்தகமும் தேவையில்லை. ஒரு கோப்பை தேநீரை வைத்துக்கொண்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை இருங்கள்.

இந்த மண்டபத்தில் எங்கள் ஆசிரியைகள் எங்களுக்காக அப்படித்தான் காத்திருந்தார்கள்.